கேமரா ஆபரேஷன் வரை வந்து சேராத நோயாளிகள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் நெஞ்சக அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். ஆபரேஷன் தியேட்டருக்குள் எனக்கு வேலை இல்லை. நோயாளி வெளியே வந்த மறுநாள் காலையில் அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, இருமச் சொல்லி, எழுப்பி நடக்க வைப்பதுதான் என் வேலை. நுரையீரல் புற்றுநோய்க்கு நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்கும், சிறிய வெட்டு வழியாகக் கேமராவை விட்டுச் செய்யும் ஆபரேஷனுக்கும் என்ன வித்தியாசம் என்பது அந்த மறுநாள் காலையில் நன்றாகவே தெரியும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், புது இயந்திரம் எதையும் கேட்டு இந்த மடலை எழுதவில்லை. கேமரா ஆபரேஷனுக்குத் தகுந்த கட்டத்தில் நோயாளி சர்ஜனிடம் வந்து சேர வேண்டும். அப்படி வந்தவர், ஆபரேஷனில் ரத்தக்குழாயை அடைத்து வெட்டும் ஸ்டேப்ளர் வாங்கப் பணமில்லாமல் நிற்கக் கூடாது. நான் கேட்பது இவ்வளவுதான்.

இரண்டு ஆபரேஷன்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய முறையில், தோள்பட்டை எலும்புக்குக் கீழே தொடங்கி மார்பின் பக்கவாட்டு வரை ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுவார்கள். முதுகுத் தசையை அறுத்து, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே இரும்புக் கருவியை வைத்து, பிடியைத் திருகித் திருகி இடைவெளியை அகலமாக்குவார்கள். சில சமயம் எலும்பு விரிசல் விடும். ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பிலும் ஒரு நரம்பு ஓடுகிறது. அது நசுங்கினால் வலி மாதக்கணக்கில் நிற்கும், சிலருக்கு வருடக்கணக்கில்.

கேமரா முறையில் விலாவை விரிப்பதே இல்லை. மூன்று, நான்கு சென்டிமீட்டரில் ஒரு வெட்டு, கூடவே ஒன்றிரண்டு துளைகள். மயக்க மருத்துவர் இரட்டைக் குழாய் ஒன்றை மூச்சுக்குழலில் இறக்கி, நோய் உள்ள பக்கத்து நுரையீரலுக்கு மட்டும் காற்றை நிறுத்திவிடுவார். அது சுருங்கிக்கொள்ள, மற்ற நுரையீரல் மூச்சைப் பார்த்துக்கொள்ளும். சர்ஜன் திரையைப் பார்த்தபடியே, எடுக்க வேண்டிய மடலின், அதாவது நுரையீரலின் ஒரு பெரிய பிரிவின், தமனி, சிரை, மூச்சுக்கிளை என்று ஒவ்வொன்றாகப் பிரித்து ஸ்டேப்ளரால் அடைத்து வெட்டுவார். வெட்டிய மடலை, காயத்தில் புற்று செல் ஒட்டிவிடாமல் இருக்க, உள்ளேயே ஒரு பைக்குள் போட்டுத்தான் வெளியே எடுப்பார்கள். சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். வெளியே காயம் சின்னது என்றாலும் உள்ளே நடப்பது அதே ஆபரேஷன்தான். இதைச் சொல்லக் காரணம் உண்டு. "சின்ன ஓட்டை போட்டா எல்லாத்தையும் எடுக்க முடியுமா, மிச்சம் வச்சிடுவாங்களா?" என்று கேட்காத குடும்பமே இல்லை.

சரி, மறுநாள் காலைக்கு வருகிறேன். ஒரு மடல் போனவர் இருமியே ஆக வேண்டும். இருமாவிட்டால் சளி அடியில் தங்கும், இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் தொடங்கும், அப்புறம் நிமோனியா. நெஞ்சைத் திறந்தவரிடம், ஒரு தலையணையைக் காயத்தின் மேல் இறுக அணைத்துக்கொண்டு இருமச் சொல்வோம். அவர் தொண்டையிலேயே லேசாகக் கனைத்துவிட்டு "இருமிட்டேங்க" என்பார். கட்டிலுக்குக் கீழே, நெஞ்சுக்குள் தேங்கும் காற்றையும் நீரையும் வடிக்கும் ஐசிடி பாட்டில் இருக்கிறது. நெஞ்சிலிருந்து வரும் குழாய் அதற்குள் தண்ணீரில் முங்கியிருக்கும். நிஜமாக இருமினால் அந்தத் தண்ணீர் ஏறி இறங்கும், காற்றுக் கசிவு இருந்தால் குமிழி விடும். கனைத்தவரின் பாட்டிலில் ஒன்றும் அசையாது. மூன்று பந்து வைத்த, மூச்சை இழுக்கும் கருவியைக் கொடுத்தால் முதல் பந்தே எழும்ப யோசிக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. விலாவை விரித்த இடத்தில் மூச்சை ஆழமாக இழுப்பதே தண்டனை.

கேமரா ஆபரேஷன் ஆனவருக்கு வலி இல்லை என்று சொன்னால் அது பொய். குழாய் போட்ட இடம் சுள்ளென்று இழுக்கும், முகத்தைச் சுளிப்பார். ஆனால் இருமுவார். இரண்டாவது பந்து எழும்பும். பெரும்பாலும் மதியத்துக்குள் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்துவிடுவார். கையைத் தலைக்கு மேல் தூக்குவதில் வித்தியாசம் இன்னும் அதிகம். ஜமுக்காளத் தறியில் உட்காருகிறவருக்கும், குடம் தூக்குகிற பெண்ணுக்கும் தோள் எப்போது முழுதாகத் திரும்பும் என்பதுதான் 'வீட்டுக்குப் போகலாமா' என்பதைவிடப் பெரிய கேள்வி. தினக்கூலிக்காரருக்கு அது நேரடியாக அரிசிக் கணக்கு.

நான் பார்த்ததை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. பிரிட்டனில் ஒன்பது மருத்துவமனைகளில் 503 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குக் கேமரா முறையிலும் பாதிப் பேருக்குத் திறந்தும் செய்து பார்த்தார்கள். 'வயலெட்' என்ற அந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. ஐந்து வாரம் கழித்து உடலின் இயங்கும் திறனைக் கேட்டபோது கேமரா முறையில் செய்தவர்களே முன்னால் இருந்தார்கள். மருத்துவமனையில் இருக்கும்போதே சிக்கல் வந்தவர்கள் திறந்த முறையில் 44.3 சதவீதம், கேமரா முறையில் 32.8 சதவீதம். புற்றை முழுதாக எடுப்பதில் குறை எதுவும் இல்லை. அதற்கு முன்பே, 2016இல், டென்மார்க்கில் இருநூற்றுச் சொச்சம் பேரிடம் செய்த ஆய்வும் ஒரு வருடம் வரை வலி குறைவு, வாழ்க்கைத் தரம் மேல் என்று காட்டியிருந்தது. அந்த வயலெட் ஆய்வு நடந்தது பிரிட்டனின் அரசு மருத்துவ சேவைக்குள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதெல்லாம் நடக்குமா என்ற சந்தேகம் யாருக்காவது இருந்தால் இதைச் சொல்லலாம்.

புது வித்தையும் இல்லை. கேமரா வழியாக நுரையீரல் மடலை எடுக்கும் ஆபரேஷன் 1990களின் தொடக்கத்திலேயே இத்தாலியின் மிலான் நகரிலும் மற்ற சில இடங்களிலும் வந்துவிட்டது. 2010இல் ஸ்பெயினின் லா கொருன்யா நகரில் தியேகோ கொன்சாலெஸ் ரிவாஸ் என்ற சர்ஜன் ஒரே ஒரு வெட்டு வழியாக மடலை எடுத்துக் காட்டினார். அதற்கும் ரோபோ தேவைப்படவில்லை.

ரோபோ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனையில் 2022இல் ரோபோ அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினீர்கள். நல்லது, இருக்கட்டும். ஆனால் நுரையீரலைப் பொறுத்தவரை, சாதாரணக் கேமரா முறைக்கும் ரோபோவுக்கும் இடையே நோயாளி உயிர் பிழைப்பதில் பெரிய வித்தியாசம் என்று இதுவரை யாரும் உறுதியாகக் காட்டவில்லை. பித்தப்பையைத் துளை வழியாக எடுக்கும் திரையும் கேமராவும் நம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கின்றன. நுரையீரலுக்கு அவற்றோடு தேவைப்படுவது, இரட்டைக் குழாய் போடப் பழகிய மயக்க மருத்துவர், அந்தக் குழாய் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, மூச்சுக்குழலுக்குள் விடும் ஒரு மெல்லிய கேமராக் குழாயான பிராங்கோஸ்கோப், ஸ்டேப்ளர், பழகிய கை. கடைசிச் சாமானை டெண்டரில் வாங்க முடியாது. நம் நாட்டில் நெஞ்சக சர்ஜன்கள் பெரும்பாலும் இதயத்தோடு சேர்ந்த படிப்பிலிருந்து வருகிறார்கள். இதயத்துக்கான வரிசை எங்கேயும் நீளம், நுரையீரலுக்குத் தியேட்டர் கிடைப்பது அதற்குப் பிறகுதான். சென்னை, மதுரை, கோவை, திருநெல்வேலி, தஞ்சாவூர் என்று ஐந்து இடங்களில் நுரையீரலுக்கென்றே தனியாக ஒரு குழுவையும் தியேட்டர் நாட்களையும் ஒதுக்குங்கள். எல்லா மாவட்டத்திலும் வேண்டும் என்று கேட்கமாட்டேன். வருடத்துக்கு நாலைந்து ஆபரேஷன் செய்கிற இடத்தில் என் சொந்தக்காரரைக்கூடப் படுக்க வைக்க மாட்டேன்.

இந்த இடத்தில் சர்ஜன்களுக்காகவும் ஒன்று பேச வேண்டும். கேமராவில் தொடங்கிய ஆபரேஷனைப் பாதியில் திறந்த முறைக்கு மாற்றுவது உண்டு. பழைய காசநோய்த் தழும்பு ஒட்டிக்கிடக்கும், நுரையீரல் தமனியில் ரத்தம் பீறிடும், கட்டி மையத்தில் இருக்கும். அப்போது திறப்பதுதான் சரி. கேமரா எண்ணிக்கையைக் காட்டிப் பாராட்டுப் பெறும் நிலையை உண்டாக்கினால், திறக்க வேண்டிய நேரத்தில் தயங்குவார்கள். நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷன் காப்பாற்றிய உயிர்கள் கொஞ்சமா? 1933இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரகாம் ஒரு பக்க நுரையீரலையே எடுத்துப் புற்றுநோயிலிருந்து காப்பாற்றிய நோயாளியும் ஒரு டாக்டர்தான். அந்த நோயாளி அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் வாழ்ந்தார். ஆபரேஷன் செய்த கிரகாம் 1957இல் அதே நுரையீரல் புற்றுநோயில் இறந்துபோனார். சிகரெட்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தியாவில் 2022இல் மட்டும் சுமார் 81,000 பேருக்குப் புதிதாக நுரையீரல் புற்றுநோய் வந்ததாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டிருக்கிறது. இவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். அந்தக் கட்டத்தில் கேமராவா, கத்தியா, ரோபோவா என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. ஜப்பானில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டி உள்ள 1,106 பேரை வைத்து, முழு மடலை எடுக்க வேண்டுமா, அதில் ஒரு கூறு மட்டும் எடுத்தால் போதுமா என்று பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவின்படி, கூறு மட்டும் எடுத்தவர்களில் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 94.3 சதவீதம், முழு மடல் எடுத்தவர்களில் 91.1 சதவீதம். இரண்டுமே நாம் பொறாமைப்பட வேண்டிய எண்கள். அங்கே நுரையீரலை எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று ஆராய்கிறார்கள். இங்கே கட்டி இரண்டு சென்டிமீட்டரில் இருந்தபோது நோயாளி என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? பலர் டிபி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

காசநோய்ப் பிரிவில் இருப்பவர்களை நான் குற்றம் சாட்டவில்லை. உலகக் காசநோயாளிகளில் நால்வருக்கு ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது, இருமல், எடைக் குறைவு, சளியில் ரத்தம், எக்ஸ்ரேயில் நிழல் என்று ஒருவர் வந்தால் முதலில் காசநோயை நினைப்பதுதான் நியாயம். சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வரும். இருந்தாலும் நிழல் இருக்கிறதே என்று மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். முதல் இரண்டு மாதம் ஒரு கட்டம், அப்புறம் நான்கு மாதம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், 'மருந்து வேலை செய்யுது' என்று குடும்பம் நிம்மதியாக இருக்கும். இரண்டு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் நிழல் அப்படியே இருந்தால், இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்பார்கள். நான் வேலை பார்த்த இடங்களில், ஆபரேஷனுக்கு முன் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும்போது நோயாளியின் பழைய ஃபைலைப் புரட்டுவது என் பழக்கம். தேதி போட்ட முதல் எக்ஸ்ரேக்கும் முதல் சி.டி. ஸ்கேனுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்த்தால் வயிறு எரியும்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். பீடி, சிகரெட் எதையும் தொடாத பெண்களுக்கும் நம் ஊரில் இந்தப் புற்று வருகிறது. 'பழக்கம் எதுவும் இல்லையே' என்ற காரணத்தாலேயே ஆஸ்துமா, அலர்ஜி, டிபி என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிக் கடைசியில்தான் சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்கு வருகிறார்கள்.

இதைச் சரிசெய்யத் தேவையான அமைப்பு உங்களிடமே இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். காசநோயைத் தேடி ஊர் ஊராக எக்ஸ்ரே வண்டி போகிறது. 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' மூலம், புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் யார் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று தரம் பிரித்து, உடனே வார்டில் சேர்க்கிறீர்கள். 2021 முதல் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறீர்கள். வீட்டிலேயே மருந்து கொடுத்துக் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டிய ஆய்வு நடந்ததே சென்னையில்தான். அதே காசநோய்ப் பாதையில் ஒரு கிளையைப் பிரித்தால் போதும். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர், எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் மட்டும் நிழல், சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் பரிசோதனை இரண்டு முறை செய்தும் கிருமி இல்லை என்றால், காசநோய் மருந்தைத் தொடங்கினாலும் தொடங்காவிட்டாலும், இரண்டு வாரத்துக்குள் சி.டி. ஸ்கேன், கூடவே நெஞ்சக மருத்துவர் பார்வை. அதில் சந்தேகம் என்றால் பிராங்கோஸ்கோபி அல்லது ஊசி பயாப்சிக்குத் தேதி. இந்தத் தேதிகள் நோயாளியின் கையில் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும், யார் பொறுப்பு என்ற பெயரோடு.

எல்லோருக்கும் சி.டி. எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. புகை பிடிப்பவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சில் சி.டி. எடுத்தால் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைகிறது என்று அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2011இல் காட்டியது உண்மைதான். ஆனால் அங்கேயே புள்ளி தெரிந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று இல்லை. பழைய காசநோய்த் தழும்பு பலருடைய நுரையீரலில் இருக்கும் நம் நாட்டில் அதை அப்படியே கொண்டுவந்தால் வேண்டாத பயாப்சிதான் கூடும். ஏற்கெனவே எடுத்துவைத்திருக்கும் ஸ்கேன்களையாவது ஒழுங்காகப் பாருங்கள் என்பதே என் கோரிக்கை. விபத்துக்கும் நெஞ்சுவலிக்கும் எடுத்த சி.டி. ரிப்போர்ட்டின் கடைசி வரியில், 'வலது மேல் மடலில் 9 மில்லிமீட்டர் புள்ளி, மூன்று மாதத்தில் மறு ஸ்கேன் தேவை' என்று இருக்கும். எலும்பு டாக்டர் எலும்பைப் பார்ப்பார், நோயாளிக்கு ஆங்கிலம் தெரியாது, ரிப்போர்ட் பீரோவுக்குள் போகும். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட புள்ளி எழுதப்பட்ட ஒவ்வொரு ரிப்போர்ட்டின் நகலும் மாவட்டத்தில் ஒரு நெஞ்சக மருத்துவரின் மேசைக்குத் தானாகப் போகட்டும். கேமரா ஆபரேஷனுக்கு மிகப் பொருத்தமானவர்கள் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறார்கள்.

காப்பீட்டு அதிகாரிகளுக்கு: ஒரு மடலை எடுக்க ஸ்டேப்ளரைப் பல முறை இயக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பின்கள் அடங்கிய புது கார்ட்ரிட்ஜ், ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. சிகிச்சைக்கு மொத்தமாக ஒரு தொகை என்று நிர்ணயித்தால் சில இடங்களில் என்ன நடக்கிறது என்றால், ஆபரேஷனுக்கு முந்தைய நாள் 'இதை மட்டும் வெளியே வாங்கணும்' என்று குடும்பத்திடம் சீட்டு வரும். நகையை அடகு வைத்துவிட்டு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'அப்படின்னா திறந்தே பண்ணிடுங்க' என்று சொன்னவர்களையும். வலியைக் கூட்டிக்கொண்டு செலவைக் குறைப்பது நோயாளி எடுக்க வேண்டிய முடிவா? கார்ட்ரிட்ஜை எண்ணிக்கை அடிப்படையில் தனியாகக் கணக்கிட்டு, மருத்துவச் சேவைக் கழகத்தின் வழியாக மொத்தமாக வாங்கினால் விலையும் இறங்கும். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் பிசியோதெரபியையும் அந்தத் தொகுப்பில் சேருங்கள். என் தொழிலுக்காகப் பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. முன்கூட்டியே புகையை நிறுத்தி, படியேறிப் பழகி, பந்து எழுப்பக் கற்றுக்கொண்டு வருகிறவர் மறுநாள் என்னோடு மல்லுக்கட்டுவதில்லை.

கடைசியாக, கணக்கு. இங்கிலாந்தில் நுரையீரல் புற்றுநோய்க்கென்று ஒரு தேசியத் தணிக்கை இருக்கிறது. எத்தனை பேருக்கு ஆபரேஷன் நடந்தது, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று மருத்துவமனை வாரியாக வெளியிடுகிறார்கள். காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக வரும் ஒவ்வொரு நுரையீரல் ஆபரேஷனின் விவரமும் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. எந்தக் கட்டத்தில் வந்தார், கேமராவில் நடந்ததா, பாதியில் திறக்கப்பட்டதா, தொண்ணூறு நாள் கழித்து எப்படி இருக்கிறார் என்ற நான்கு விவரங்களைச் சேர்த்து, வருடத்துக்கு ஒரு முறை வெளியிடுங்கள். தனியார் மருத்துவமனைகளும் அதே திட்டத்தில் பணம் பெறுகின்றன, அவற்றின் கணக்கும் வரட்டும்.

ஐந்து மையங்களுக்கு நாள் பிடிக்கும், சர்ஜன்களைப் பழக்க வருடங்கள் ஆகும், எனக்குத் தெரியும். சளியில் கிருமி இல்லாத நிழலுக்கு இரண்டு வாரத்தில் சி.டி. என்ற உத்தரவுக்கு அவ்வளவு நாள் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த காசநோய் ஆய்வுக் கூட்டத்திலேயே அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெஞ்சக வார்டு பிசியோதெரபிஸ்ட் ஒருவர்